சோப் கிளையன்ட்: தானாக உருவானதா, கையால் எழுதியதா?

சோப் என்பது நிரல்கள் எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசிக்கொள்ளும் முறை. சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொடுத்தால், அந்தச் சேவையை அழைக்கும் கிளையன்ட் நிரலை டாட்நெட்டும் ஜாவாவும் தாமே எழுதித் தருகின்றன. வசதிதான். ஆனால் சர்வர் மறுக்கும்போது, என்ன அனுப்பப்பட்டது என்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிஎச்பியின் சோப்கிளையன்ட் இயல்பாக சோப் 1.1 பேசும், டாட்நெட்டின் டபிள்யூஎஸ்ஹெச்டிடிபிபைண்டிங் என்ற இணைப்பு அமைப்பு சோப் 1.2 பேசும். முன்னதன் உள்ளடக்க வகை 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', பின்னது 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்'. இது பொருந்தாவிட்டால் பெரும்பாலும் 415 பிழைதான் (இந்த உள்ளடக்க வகையை ஏற்க முடியாது என்ற சர்வரின் பதில்) கிடைக்கும்.

கையால் எக்ஸ்எம்எல் எழுதி அனுப்புவது அலுப்பான வேலை. பெயர்வெளியில் (குறிச்சொல் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் பெயரில்) ஓர் எழுத்து பிசகினால், சில சர்வர்கள் முனகாமல் அந்தப் புலத்தைக் காலியாகவே எடுத்துக்கொள்ளும். இருந்தும், கோளாறு தேடும்போது என் கை இதற்குத்தான் போகிறது: இயங்கும் கிளையன்ட்டின் கோரிக்கையையும் இயங்காததன் கோரிக்கையையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணில் குத்தும். கோளாறு பிடிபட்டதும், தானாக உருவான கிளையன்ட்டுக்கே திரும்பிவிடுவேன்.