நார்மல் சலைனா, ஆர்.எல்.லா (ரிங்கர் லாக்டேட்), பிளாஸ்மாலைட்டா? பெரிய வயிற்று அறுவைக்கு நரம்பில் ஏற்ற எந்த டிரிப் பாட்டில்?

சலைன் பெயரில்தான் நார்மல். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சோடியம் 154, குளோரைடு 154 மில்லிமோல். ரத்தத்தில் இயல்பாகக் குளோரைடு 106-ஐத் தாண்டாது. குடல் அறுவையில் மூன்று லிட்டர் சலைன் ஏற்றிவிட்டு ஏ.பி.ஜி. (தமனி ரத்தப் பரிசோதனை) எடுத்தால் இப்படி வரும்: பி.எச். 7.28, பைகார்பனேட் 18, குளோரைடு 114, லாக்டேட் 1.2. அமிலத்தைப் பார்த்ததும் "வால்யூம் (ரத்தக்குழாயில் ஓடும் திரவ அளவு) பத்தவில்லை" என்று இன்னொரு சலைனைத் திறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. ரத்த ஓட்டம் பத்தாமல் போனால் ஏறுவது லாக்டேட்; அது சரியாக இருக்கிறதே! அந்த அமிலம் பாட்டிலில் இருந்து வந்தது.

ஆர்.எல்.லில் குளோரைடு 109, சோடியம் 130, லாக்டேட் 28. லாக்டேட்டைக் கல்லீரல், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். "பொட்டாசியம் இருக்கிறது, கிட்னி நோயாளிக்கு வேண்டாம்" என்ற பயம் இன்னும் போகவில்லை. இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல், ரத்தத்தில் 5.5 இருப்பவருக்கு அதை ஏற்றி 6 ஆக்க முடியாது. சலைன் தரும் அமிலத்தன்மைதான் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சிறுநீரக மாற்று அறுவைகளில் ஒப்பிட்டபோதும் பொட்டாசியம் அதிகம் ஏறியது சலைன் பக்கம்தான்.

ஆர்.எல்.லின் உண்மையான குறைகள் வேறு. கால்சியம் இருப்பதால் ரத்தப் பையோடு ஒரே லைனில் ஓடக்கூடாது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கையும் அதே லைனில் சேர்த்துப் போடக்கூடாது, படிவு விழும்; முன்னும் பின்னும் லைனை சலைனால் ஃப்ளஷ் செய்யுங்கள். தலைக்காயமும் சேர்ந்திருந்தால் ஆர்.எல். வேண்டாம், அது சற்று நீர்த்த திரவம். மூளை வீக்கம் கூடும்.

பிளாஸ்மாலைட்டில் குளோரைடு 98, கால்சியம் கிடையாது, ரத்தத்தோடு ஓடலாம். அதில் லாக்டேட்டுக்குப் பதிலாக உள்ள அசிடேட் கல்லீரலை மட்டும் நம்பியிருப்பதில்லை என்பதால் பெரிய கல்லீரல் அறுவையில் கைகொடுக்கும். சாதாரண குடல் அறுவைக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

சலைன் ஜெயிக்கும் இடமும் உண்டு. இரைப்பை வாய் அடைத்து நாள்கணக்கில் வாந்தி எடுத்தவர் இழந்ததே குளோரைடுதான். அவருக்கு சலைன்தான் மருந்து. சிறுநீர் வந்ததும் பொட்டாசியம் சேர்க்க வேண்டும்.

ஸ்டார்ச் கலந்த டிரிப் திரவத்தை மறந்துவிடலாம். 2020-இல் வெளியான ஃப்ளாஷ் ஆய்வில் வயிற்று அறுவையில் சலைனைவிடப் பலன் தெரியவில்லை, ஐ.சி.யூ. ஆய்வுகளில் சிறுநீரகத்துக்குக் கேடு தெரிந்தது.

பாட்டிலைவிட அளவில்தான் அதிகம் தவறுகிறோம். 2018-இல் வந்த ரிலீஃப் ஆய்வில் ஏறத்தாழ 3,000 பேர். திரவத்தைக் கறாராகக் குறைத்துப் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. தாராளமாகப் பெற்றவர்களில் 5 சதவீதம். அதற்காக அள்ளி ஊற்றினால் குடல் வீங்கும், அசைவு திரும்பத் தாமதமாகும். அறுவை முடிவில், இழந்தது போக 1 முதல் 2 லிட்டர் வரவு நின்றால் போதும். பி.பி. இறங்கினால் 250 மி.லி. கொடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் வால்யூம் (இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம்) 10 சதவீதமாவது ஏறவில்லை என்றால் அடுத்த பாட்டில் வேண்டாம்; எபிடியூரலால் (முதுகுவழி வலிமருந்து) ரத்தக்குழாய் தளர்ந்திருக்கலாம், அதை இறுக்கும் நார்அட்ரினலின் தொடங்குங்கள்.