நைக்கி ஃபேன்டம் லூனா: பெண்களின் காலுக்கென்று வந்த ஸ்டட்ஸ், எந்தக் கிரவுண்டுக்கு?

கால்பந்து ஆட, அடியில் குமிழ் வைத்த ஷூவைத் தேடி "ஸ்டட்ஸ் வேணும்" என்று ஒரு பெண் கடைக்குப் போனால், எடுத்துப் போடப்படுவது ஆண்களுக்கான பெட்டி. கால் சின்னது என்றால் சிறுவர்களுக்கான பெட்டி. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களுக்கும் வெகுகாலம் இதே கதைதான். ஐரோப்பிய கிளப்புகள் சங்கம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்மட்டத்தில் ஆடும் பெண்களில் 82 விழுக்காட்டினர் ஸ்டட்ஸால் ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கிறது என்றார்கள். பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சுருக்கியது அல்ல. அதே நீளத்தில் குதிகால் ஒடுங்கி இருக்கும், உள்வளைவு சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆண்களின் அச்சில் வார்த்த ஷூவில் முன்பாதம் சரியாக உட்கார்ந்தால் குதிகால் ஆடும்; குதிகாலைப் பிடிக்க அளவைக் குறைத்தால் விரல் நசுங்கும்.

அதே 2023 ஜூனில், ஆஸ்திரேலியா-நியூசிலாந்து பெண்கள் உலகக் கோப்பைக்குச் சற்று முன்னால், நைக்கி இறக்கிய ஷூதான் ஃபேன்டம் லூனா. அப்போதைய சூழ்நிலையும் நினைவில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆர்சனல் அணியில் மட்டும் 2022 நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியான் மீடெமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன், மே மாதம் லாரா வீன்ராய்தர் என்று நான்கு பேருக்கு அடுத்தடுத்து முழங்காலின் ஏ.சி.எல் தசைநார் கிழிந்தது. ஒவ்வொருவருக்கும் மாதக்கணக்கில் ஆட்டம் போச்சு. மீட், மீடெமா, வில்லியம்சன் மூவருக்கும் உலகக் கோப்பையே போச்சு.

இந்த ஷூவில் பேச வேண்டிய விஷயம் அடிப்பாகத்தில் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். வழக்கமான ஸ்டட்ஸில் முன்பாதத்தின் இரு ஓரங்களிலும் குமிழ்கள் வரிசை கட்டி நிற்கும். சிலவற்றில் கத்தி மாதிரி நீளமாகவும் இருக்கும். நேராக ஓடுவதற்கு அது நல்ல பிடி. ஆனால் முன்பாதத்தை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போது அந்த ஓரக் குமிழ்கள் புல்லைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். புல் விடாவிட்டால் பாதம் நிற்கும், தொடை திரும்பும், நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். லூனாவில் முன்பாதக் குமிழ்களை வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். பாதம் சுழலும்போது ஒரு குமிழ் தோண்டிய தடத்திலேயே அடுத்தது நகர்கிறது, எதிர்ப்பு குறைகிறது. ஈரப் புல்லில் ஊன்றிக் குதிகாலை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால் வித்தியாசம் காலுக்கே தெரியும்.

இதனால் ஏ.சி.எல் கிழியாது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். தசை பலம், தரை இறங்கும் விதம், களைப்பு, ஆட்ட நெருக்கடி, மைதானம் என்று காரணங்கள் பல. ஷூ அவற்றில் ஒன்று. கால்பந்து வீரர்கள், வீராங்கனைகளின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ, இங்கிலாந்தின் வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ, லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம், நைக்கி ஆகியோர் சேர்ந்து 2024-ல்தான் இதற்கென்று ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்வது காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு இந்த ஷூவைவிட வலுவான சான்று இருக்கிறது. அதற்குக் காசும் கிடையாது.

மேல்பாகம் கிரிப்நிட் என்ற பின்னல் துணி. பந்தோடு லேசாக ஒட்டும், மழையில் அது நன்றாகவே உதவும். கணுக்காலைச் சுற்றி வரும் காலர் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருக்கிறது. இறுக்கமான சாக்ஸ் போட்ட உணர்வு தரும், அவ்வளவுதான். கணுக்கால் பிசகுவதை அது தடுக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே. கணுக்காலுக்கு டேப் சுற்றி ஆடுகிறவர்கள் டேப்போடு போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நுழைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. லேஸை முக்கால்வாசி வரை தளர்த்தாமல் குதிகாலை அழுத்தி நுழைத்தால் பின்காலர் மடங்கி, மடிந்த இடத்தில் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

அளவில் ஏமாறுவது சுலபம். நைக்கியின் அமெரிக்க எண்ணில் பெண்கள் 8½ என்பது ஆண்கள் 7. ஆன்லைனில் எந்தப் பட்டியலில் எண்ணைத் தேர்வு செய்கிறோம் என்பதைக் கவனிக்காவிட்டால் ஒன்றரை எண் தவறிவிடும். எண்ணை விட்டுவிட்டு, லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் உள்ள லேபிளில் செ.மீ. அளவைப் பாருங்கள். மாலையில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, மிக நீண்ட விரல்வரை காகிதத்தில் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு விரல் நுனிக்கு முன் அரைக் கட்டைவிரல் அகலம் போதும். அதைவிட அதிகம் இருந்தால் பிரேக் போடும்போது பாதம் முன்னுக்கு வழுக்கி நகம் கறுக்கும். கடைசியாக, கையால் ஷூவை மடக்குங்கள்: பெருவிரல் மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை.

வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்து முன்பாதம் விரிந்தவர்களுக்கு லூனா சிறுவிரல் பக்கம் பிடிக்கலாம். அவர்கள் ஐடா ஸ்போர்ட்ஸ் ஷூக்களையும் பார்க்கலாம். கிளிமஞ்சாரோ மலை மீது 2017-ல் 5,714 மீட்டர் உயரத்தில் பெண்கள் ஆடிய ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான லாரா யங்சன் தொடங்கிய நிறுவனம் அது. விரல் பகுதி அகலம், குதிகால் ஒடுக்கம். பெரிய நிறுவனத்தின் மினுமினுப்பு இல்லை. நம்மூர்க் கடையிலும் கிடைக்காது, வரவழைக்க வேண்டும்.

இனி கிரவுண்டு. எஃப்.ஜி என்று பெட்டியில் இருந்தால் அது இயற்கைப் புல்லுக்கு. அடியில் மண் கொஞ்சமாவது இளக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பெண்கள் பயிற்சி எடுப்பது செம்மண்ணிலும் கட்டாந்தரையிலும். அங்கே குமிழ் உள்ளே இறங்காது. வட்டமோ வரிசையோ, உடம்பின் எடை ஏழெட்டுக் குமிழ்முனையில் நின்று, பெருவிரலுக்கு அடியில் உள்ள எலும்பில் வலியாக ஏறும், குமிழும் தேயும். இவ்வளவு விலை கொடுத்ததற்கு அங்கே எந்தப் பயனும் இல்லை. அந்தத் தரைக்குச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைந்த டி.எஃப் ஷூதான் சரி. செயற்கைப் புல்லுக்கு ஏ.ஜி. எஃப்.ஜியைப் போட்டுச் செயற்கைப் புல்லில் ஆடினால் கால் மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடும். லூனா தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான்.

விலையைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். இந்தியப் பெண்கள் லீக்கில் 2023-24 முதல் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 26,700. உயர்ரக ஸ்டட்ஸ் ஒரு ஜோடி அதில் பெரும்பகுதியை விழுங்கும், ஒரு சீசன் முழுக்க ஒரே ஜோடி தாங்காது. ஸ்பான்சர் இல்லாதவர்கள் பயிற்சிக்கு டி.எஃப், ஆட்டத்துக்கு மட்டும் இது என்று பிரித்துக்கொண்டால் ஆயுள் நீளும். நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டு அடித்தட்டு முனையிலிருந்து திறக்க ஆரம்பிக்கும். பின்னல் துணியில் முரட்டு பிரஷ் வேண்டாம், நூல் எழும்பும்.

பாதி விலைக்கு ஒரிஜினல் என்று வந்தால் பெட்டி லேபிளில் உள்ள ஸ்டைல் எண்ணை நாக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஆறு இலக்க-எழுத்து, ஒரு கோடு, மூன்று இலக்கம் என்ற வடிவம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.