ஐட்லரா, பெல்ட்டா, டைரக்ட் டிரைவா? பழைய ரெக்கார்ட் பிளேயரைக் கையில் எடுக்கும் முன்

பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் கம்பெனிப் பெயரைத்தான் பார்ப்பார்கள். நான் ரெக்கார்ட் உட்காரும் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் பார்ப்பேன். மோட்டாரின் சுழற்சி தட்டுக்கு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால், என்ன கெட்டிருக்கும், எதைச் சரிசெய்ய முடியும் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்த மாதிரிதான்.

வழிகள் மூன்று. ஐட்லர் வகையில், மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு சிறு சக்கரம் இருக்கும். பெல்ட் வகையில் ரப்பர் பட்டை ஒன்று தட்டை இழுக்கும். டைரக்ட் டிரைவில் இடையில் எதுவுமே இல்லை; மோட்டாரின் அச்சுதான் தட்டின் அச்சு.

மூன்றையும் பற்றி வழக்கமாக ஒரு பேச்சு உண்டு: ஐட்லர் உறுமும், பெல்ட் மந்தம், டைரக்ட் டிரைவ் உயிரில்லாமல் ஒலிக்கும் என்று. பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இதில் பெரும்பகுதி அந்தந்த வகையின் குணமே இல்லை. முப்பது, நாற்பது வருடம் ஆயில் காணாத பேரிங்கின் குணம், கல்லாகிப்போன ரப்பரின் குணம். அதனால் பழுது பார்த்த பிறகு மூன்றும் எப்படி நிற்கின்றன என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஐட்லர்: கைவேலை அதிகம், பலனும் அதிகம்

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகை. 1954இல் வந்த இங்கிலாந்தின் கெர்ரார்ட் 301, சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124, லென்கோ எல்75 எல்லாம் இந்தக் குடும்பம். 1957இல் வந்த டிடி 124 கொஞ்சம் கலப்பு: மோட்டாரிலிருந்து படிப்படியான புல்லி வரை பெல்ட், அங்கிருந்து தட்டுக்கு ஐட்லர். ரெக்கார்டுகளைத் தானே மாற்றிப் போடும் பழைய ஆட்டோ சேஞ்சர்களிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

ஐட்லரின் பலம் முறுக்கு. ஊசி ஒரு பலத்த இசைப் பகுதியில் நுழையும்போது பள்ளம் ஊசியைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவை தட்டையும் துளி மெதுவாக்கப் பார்க்கும். மோட்டாரோடு இறுகப் பிணைந்த தட்டு அதற்கு மசியாது. பியானோவின் முதல் அடியும் மேளத்தின் முதல் வீச்சும் ஐட்லரில் தனி அழுத்தத்தோடு வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பலவீனமும் அதே பிணைப்பில்தான். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1500 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 25 அதிர்வு. அது சக்கரத்தின் வழியே தட்டுக்கு ஏறினால் ஸ்பீக்கரில் அடிவயிற்று உறுமலாகக் கேட்கும்.

ஒருமுறை ஒரு லென்கோ எல்75ஐ முழுதாகப் பிரித்தேன். அதில் சக்கரம் செங்குத்தாக நின்று, கூம்பு வடிவ மோட்டார் தண்டின் மேல் ஓடும். நெம்புகோலை நகர்த்தினால் சக்கரம் கூம்பின் தடித்த பக்கத்துக்கோ மெல்லிய பக்கத்துக்கோ போகும், வேகமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். முதலில் போட்டுக் கேட்டபோது ‘தடக் தடக்’ என்று ஓயாத சத்தம். சக்கரத்தை விளக்குக்கு நேரே பிடித்து விரல் நகத்தால் விளிம்பைத் தடவினேன். ஒரு இடத்தில் நகம் லேசாக இறங்கி ஏறியது. யாரோ பிளேயரை நிறுத்தும்போது சக்கரத்தை விடுவிக்காமல் விட்டதில் ரப்பர் அமுங்கி, அந்தப் பள்ளம் நிரந்தரமாகிவிட்டது. இதற்குத் துடைப்பது தீர்வல்ல. விளிம்பை மெல்லச் செதுக்கி வட்டமாக்க வேண்டும், அல்லது புது ரப்பர் போட வேண்டும். நான் புது ரப்பர் போட்டேன், ‘தடக்’ போய்விட்டது.

இந்த மாதிரி சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 33⅓ வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி. கோளாறு 1.8 வினாடிக்கு ஒருமுறை வந்தால் ரெக்கார்ட் வளைந்திருக்கிறது, அல்லது நடு ஓட்டை மையம் தப்பியிருக்கிறது, அல்லது தட்டில் குறை. அதைவிட வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தால் சக்கரத்தையோ மோட்டாரையோ பாருங்கள்.

அப்புறம் ஆயில். பல மோட்டார்களில் தண்டைத் தாங்குவது துளைகள் நிறைந்த வெண்கல வளையம், அதாவது புஷ். அந்தத் துளைகள் ஆயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். வருடக்கணக்கில் அது காய்ந்து பசையாகிவிடும். புஷ்ஷைக் கழற்றி, சுத்தம் செய்து, வெதுவெதுப்பான மெல்லிய மெஷின் ஆயிலில் ஊறவிட்டு, அதிலேயே ஆறவிட்டால் மறுபடி குடித்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயை இங்கே அடித்துவிடாதீர்கள். இருக்கிற ஆயிலையும் கழுவிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு மோட்டார் நன்றாக ஓடும், சில வாரத்தில் மறுபடி கீச்சிடும். கெர்ரார்ட் 301 வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஆரம்பகாலத் தட்டு பேரிங் கிரீஸுக்காகச் செய்தது, பிற்காலத்தது ஆயிலுக்கானது. ஒன்றுக்கு உரியதை மற்றதில் போடக் கூடாது.

ரப்பர் படும் இடங்களில் ஒரு சொட்டு ஆயில்கூட இருக்கக் கூடாது. ஒருமுறை ஒரு மோட்டாரின் மேல் பேரிங்கில் தாராளமாக ஆயில் விட்டுவிட்டேன். அது தண்டில் ஏறி சக்கரத்தில் பட்டுவிட்டது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சுருதி சற்றே தாழ்ந்தது. இரண்டு நாள் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜையும் ஆம்ப்ளிஃபயரையும் சந்தேகப்பட்ட பிறகுதான் விரலில் அந்த வழுவழுப்பு தட்டுப்பட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டையும் ரப்பரையும் தட்டின் உள்விளிம்பையும் துடைத்ததும் சரியாகிவிட்டது.

மிச்சமிருக்கும் உறுமலைப் பெட்டிதான் தீர்க்க வேண்டும். ஐட்லர் பிளேயர்களை மெல்லிய பலகைப் பெட்டியில் வைத்தால் அதிர்வு போக இடமில்லாமல் மறுபடி ஊசிக்கே வரும். ஒட்டுப்பலகையை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கனமான பெட்டியில் அதே லென்கோவை உட்கார வைத்தபோது, பாட்டுக்கு நடுவிலுள்ள மௌனம் நிஜமாகவே மௌனமாக இருந்தது. ஐட்லர் உறுமும் என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் முழுதாக நம்புவதில்லை.

பெல்ட்: முதல்முறை செய்பவருக்கு

1961இல் எட்கர் வில்சர் வடிவமைத்த அக்கௌஸ்டிக் ரிசர்ச் எக்ஸ்ஏ இந்த வகையின் போக்கையே மாற்றியது. தட்டும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே சட்டத்தில். அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கும். மோட்டார் தனியே மேல்தகட்டில். மோட்டாரின் அதிர்வு, தரையின் அதிர்வு எதுவும் ஊசிக்கு எளிதில் போகாது. தோரன்ஸ் டிடி 150, டிடி 160, லின் எல்பி12 எல்லாம் இந்த வழியில் வந்தவை. டிடி 160இன் 16 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 375 சுற்றுதான் சுற்றும். ஐட்லரின் 1500உடன் ஒப்பிட்டால் அதிர்வு எவ்வளவு கீழே இறங்கிவிடுகிறது என்று தெரியும்.

பழுது பார்ப்பதில் இதைவிட எளியது கிடையாது. பழைய பெல்ட் நீண்டு தொளதொளத்திருக்கும், அல்லது தார் போல உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலால் பொறுமையாகத் துடைத்து எடுங்கள். புது பெல்ட்டுக்கு நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. தடிமன் கூடினால் சிறிய புல்லியின் செயல்படும் விட்டம் விகிதத்தில் அதிகமாகக் கூடும். தட்டு வேகமாக ஓடும். பெல்ட் மாற்றியதிலிருந்து எல்லாப் பாட்டும் கொஞ்சம் சுருதி ஏறிய மாதிரி இருக்கிறது என்றால் முதலில் தடிமனைப் பாருங்கள்.

உண்மையான வேலை ஸ்பிரிங்குகளில்தான். தட்டின் நடுவே ஒரு விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். அது நேராக மேலும் கீழும் போய்வர வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் மூன்று ஸ்பிரிங்கும் சமமாக இல்லை. ரெக்கார்டையும் அதன் அடியில் போடும் பாயையும் தட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நட்டையும் கால் திருப்பு திருப்பிப் பாருங்கள். ஒரு மாலை முழுதும் ஆகலாம். சரியாக அமைந்த பிறகு பாடகரின் குரலைச் சுற்றிக் காற்று இருப்பது போல ஒரு விரிவு கிடைக்கும்; பெல்ட்டுக்கே உரிய அழகு அது. மந்தம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங் சரிந்த பிளேயரைக் கேட்டவர்கள்தான். ஆனாலும் தாளக்கட்டு இறுக்கமான இசையில், நன்றாகச் சரிசெய்த ஐட்லரோடு வைத்துக் கேட்டால் இது அரையடி பின்னால்தான் நிற்கும்.

டைரக்ட் டிரைவ்: ஓடினால் வாங்குங்கள்

1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்தபோது தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே தேய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டோடு வந்த எஸ்எல்-1200 எம்கே2 போன்றவற்றில் வேகத்தின் நிதானத்தைக் காதால் குறை சொல்ல முடியாது. நீண்டு ஒலிக்கும் வீணை மீட்டலோ புல்லாங்குழல் கார்வையோ இம்மியும் அலையாது.

ஆனால் கெட்டால் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், விரிசல் விட்ட சால்டர், தூசி படிந்த வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றை மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பழகியவர் சரிசெய்யலாம். அந்தக் கம்பெனிக்கென்றே செய்த ஐசி (மின்னணுச் சில்லு) போயிருந்தால், அது இப்போது உற்பத்தியில் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இன்னொரு செத்த பிளேயரைத் தேட வேண்டியதுதான். அதனால் இந்த வகையில் ஓடும் நிலையில் உள்ளதை மட்டும் எடுங்கள். பேரிங்குக்கு ஒரு சொட்டு ஆயில், புதிய கெப்பாசிட்டர்கள், நல்ல கார்ட்ரிட்ஜ் என்று முடித்துவிடலாம். எம்கே2இல் தட்டுக்கு அடியிலேயே மின்சாரப் பகுதிகள் இருப்பதால், பிளக்கைப் பிடுங்காமல் திறக்கக் கூடாது.

வேகத்தில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓ என்பது சுமார் 27.8 ஆகிவிடும். பெல்ட் வகைக்கும் பெரும்பாலான ஐட்லருக்கும் புல்லியை மாற்ற வேண்டும். லென்கோவில் நெம்புகோலை நகர்த்தினால் போதும். குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கு இந்தக் கவலையே இல்லை. மின்னழுத்தம் மட்டும் எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைச் சோதிக்க, கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் வட்டு போதும், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும்: 50 ஹெர்ட்ஸ் விளக்கில் 33⅓க்கு 180 கோடுகள், 60இல் 216. துடிக்காத எல்இடி விளக்கின் கீழ் அது வேலை செய்யாது.

ஊசி பக்கம்

இவ்வளவு வேலையையும் தப்பான கார்ட்ரிட்ஜ் ஒன்று வீணாக்கிவிடும். பழைய கிரிஸ்டல், செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் பலவும் ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தம் கேட்டவை. இன்றைய மூவிங் மேக்னட், அதாவது ஊசியோடு சிறு காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜ், பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். ஆட்டோ சேஞ்சரின் கனமான ஆர்மில் மிக மென்மையான கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஊசி துள்ளும். ஆர்மின் எடையும் ஊசித் தண்டின் நெகிழ்வும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு 8இலிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. கனமான ஆர்முள்ள பழைய ஐட்லருக்கு, 2.5 கிராம் அழுத்தத்தில் ஓடும் டெனான் டிஎல்-103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜ் பொருந்தும். டிடி 124இன் தொடக்ககால இரும்புத் தட்டில் மட்டும் இதைப் போன்ற வலுவான காந்தக் கார்ட்ரிட்ஜ்களை யோசித்துப் போடுங்கள். தட்டு அதைக் கீழே இழுத்து அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

மூவிங் மேக்னட் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். பதிவின்போது குறைத்த கீழ்ஸ்தாயியைத் திரும்பக் கூட்டும் ஆர்ஐஏஏ திருத்தம் உள்ள, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ நுழைவாயிலில் இணைத்தால்தான் கீழ்ஸ்தாயி வரும். செராமிக்கை அதே இடத்தில் செருகினால் மிகையாகி உடைந்து ஒலிக்கும்.

முதல்முறை கை வைப்பவர் என்றால் பெல்ட் வகை ஒன்றை எடுங்கள், ஓரிரு வார இறுதியில் பாட்டு கேட்கலாம். 78 வேக ரெக்கார்டுகள் கையில் இருந்தால் நான் யோசிக்காமல் ஐட்லரைச் சொல்வேன்: பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. அவற்றின் அகலப் பள்ளத்துக்கு மட்டும் தனி ஊசி வாங்குங்கள், 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை. எல்பி ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் எடுத்து வரும்.