சார்க்டிக்: துருவக் கடல் பனியைப் பின்தொடர ஒரு இலவச வரைபடம்

ஆர்க்டிக்கில் இப்போது எவ்வளவு பனி மிச்சம் என்று அவ்வப்போது தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது சார்க்டிக்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய பனித் தரவு மையத்தின் வரைபடம் இது. காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம், 1979 முதல் எந்த வருடத்தைத் தொட்டாலும் அதன் பனிப் பரப்பு ஏறி இறங்கும் கோடு வந்துவிடும், அண்டார்டிகாவுக்கும் மாறிக்கொள்ளலாம்.

முதலில் 2012-ஐப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் முதல் பாதியில் கோடு சரசரவென்று இறங்கும். சைபீரியாவில் கிளம்பிய ஒரு பெரும்புயல் ஆர்க்டிக் கடலுக்குள் புகுந்து, ஆகஸ்ட் 6 அன்று அதன் மையத்தில் காற்றழுத்தம் 966 ஹெக்டோபாஸ்கல் வரை சரிந்த நேரம் அது (இந்த எண் குறையக் குறையப் புயல் கடுமை). காற்று பனியை உடைத்துப்போட்டது, அடியில் இருந்த கொஞ்சம் சூடான தண்ணீரையும் கலக்கி மேலே கொண்டுவந்தது. செப்டம்பரில் மிஞ்சியது சுமார் 34 லட்சம் சதுர கி.மீ., அதுவரை பதிவானதிலேயே குறைவு. ஆனால் எல்லாவற்றையும் புயல் தலையில் கட்டிவிட முடியாது. பனி ஏற்கெனவே மெலிந்து கிடந்ததால், புயல் வராவிட்டாலும் பழைய சாதனை முறிந்திருக்கும் என்று 2013-ல் வெளியான கணினி ஆய்வு சொன்னது.

அந்த மெலிவு இந்த வரைபடத்தில் தெரியாது, பெரிய குறை அதுதான். கோடு பரப்பை மட்டுமே காட்டும். கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அதில் ஒரு கட்டத்தில் 15 சதவீதம் பனி இருந்தாலே கட்டம் முழுக்கப் பனி என்று கணக்கு, அதனால் காற்று பனியைக் கலைத்துப் பரப்பினால் புதிதாக எதுவும் உறையாமலே கோடு ஏறும், ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினால் உருகாமலே இறங்கும். அப்புறம், ஐந்து நாள் சராசரி என்பதால் தினசரி நெளிவுகளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அதனால் அந்த மையம் வெளியிடும் விளக்கக் கட்டுரைகளையும் சேர்த்தே படியுங்கள், என்னைக் கேட்டால் வரைபடத்தைவிட அவைதான் ஒரு படி மேல். எங்கே உயர் காற்றழுத்தம் நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று படத்தோடு போடுவார்கள். பனி வெகுவாகக் குறைந்த 2007 கோடையில், அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபர்ட் கடல்மேல் உயரழுத்தம் நகராமல் உட்கார்ந்ததும், சைபீரியப் பக்கம் வெதுவெதுப்பான தெற்குக் காற்று புகுந்ததும் தெரியாமல் அந்த வருடக் கோட்டைப் பார்த்து ஒன்றும் புரியாது.

பனி திரும்ப வானிலையை என்ன செய்கிறது என்பதற்கு இதில் விடை குறைவு. திறந்து கிடக்கும் கடல் இலையுதிர் காலத்தில் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றுக்குக் கொடுக்கிறது, அதுவரை சரி. ஐரோப்பாவின் கடுங்குளிருக்கும் அதுதான் காரணமா என்பதில் விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை, இந்தக் கோட்டைக் காட்டி யாராவது நிரூபித்துவிட்டேன் என்றால் நம்பாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு. தடிமனும் வேண்டுமென்றால் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போடும் பனிக் கன அளவுக் கணக்கைப் பாருங்கள், அது கணினி மாதிரியிலிருந்து வருவது, நேரடி அளவீடு அல்ல.