கியோட்டோ பாசிக் கோயிலுக்கு 'தனி ஒதுக்கீடு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 21,000 ரூபாய் இழந்தவனின் எச்சரிக்கை

இன்று காலை நடந்ததை, ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கியோட்டோவின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது சைஹோ-ஜி என்ற பௌத்தக் கோயில். 1339-இல் முசோ சோசெகி என்ற ஜென் துறவி புதுப்பித்த இக்கோயிலின் தோட்டத்தில் ஏறக்குறைய 120 வகைப் பாசிகள் படர்ந்திருப்பதால், 'கொகெதெரா', அதாவது பாசிக் கோயில், என்றே அதை அழைக்கிறார்கள். நினைத்த நேரத்தில் யாரும் நுழையும் வழக்கத்தை 1977-இலேயே நிறுத்திவிட்டார்கள். முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். சூத்திரம் எனப்படும் பௌத்த மறைநூல் வரிகளைத் தூரிகையால் படியெடுத்த பிறகுதான் தோட்டம். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் எழுத்துப் பயிற்சி கொடுத்த என் அம்மாவுக்கு அந்தத் தூரிகைமீதுதான் ஆசை.

எங்கள் தேதிக்குக் கோயிலின் சொந்த முன்பதிவில் இடம் தீர்ந்திருந்தது. அப்போதுதான் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தரும் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. இரவு பத்து மணிக்கு அழைத்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். "கவலையே படாதீங்க சார், எங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ரயிலில் எல்லாவற்றுக்கும் ஒரு கோட்டா இருப்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, ஜப்பானியக் கோயிலிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்று அவர் சொன்னதால், கைப்பேசி வழியே ஒரு தனிநபர் பெயரிலிருந்த கணக்குக்கு இருவருக்குமாக 21,000 ரூபாய் அனுப்பினேன். நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணம் ஏன் தனிநபருக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பத்தே நிமிடத்தில், சிவப்பு முத்திரையோடு 'உறுதி செய்யப்பட்டது' என்ற சீட்டு வந்தது.

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேருந்தில் போய் இறங்கினோம். வாயிலில் இருந்த இளைஞர் எங்கள் சீட்டை இரு கைகளாலும் வாங்கி, அச்சிட்ட பெயர்ப்பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, பிறகு இன்னொரு முறை தேடினார். உள்ளிருந்து மூத்தவர் ஒருவர் வந்து பார்த்தார். இருவரும் ஆழமாகக் குனிந்து வணங்கி, இது தங்கள் கோயில் கொடுத்த சீட்டே அல்ல என்று மெதுவாகச் சொன்னார்கள். நேரடியாகப் பதிவு செய்தால் ஆளுக்கு 4,000 யென்தான். வெளியே ஓடும் சிற்றோடையின் கரைக்கற்களில் படிந்திருந்த பாசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "விடுப்பா, கொடுத்து வைக்கல" என்றார் அம்மா. என்னால் விட முடியவில்லை.

அங்கிருந்தே அழைத்தேன். முதலில், கோயில் தரப்பில் ஏதோ குழப்பம் என்றார்கள். அடுத்து, வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். நாளை மறுநாள் எங்களுக்கு விமானம் என்பது அவர்களிடம் கொடுத்த படிவத்திலேயே இருந்தது. மூன்றாவது முறை, அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். 21,000 ரூபாயைத் தொலைத்தவனுக்குத் தள்ளுபடி! அதன்பின் என் செய்திகளுக்கு இரண்டு நீலக் குறிகள் மட்டுமே விழுகின்றன. அன்று தமிழில் பேசிய அந்த மனிதர் இப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லையாம்.

விரிவாக யோசனை சொல்லத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன், கை நடுங்குகிறது. கோயிலின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். அங்கே இடமில்லை என்றால் இல்லைதான். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்பாதீர்கள். வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் புகார் எழுத வேண்டியிருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.