கியர் பைக்குக்குக் காசு கட்டி ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கியவன் எழுதுவது

“தம்பி, இது ஸ்கூட்டி ஓட்டுற லைசென்ஸ் ஆச்சே. நீங்க கியர் வண்டியில்ல வச்சிருக்கீங்க?”

ஆபீஸ் கணக்குப் பிரிவு அக்கா இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பெட்ரோல் அலவன்ஸ் பாஸ் ஆக லைசென்ஸ் நகலும் ஆர்.சி. நகலும் கேட்டிருந்தார்கள். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அக்கா இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டில் வண்டி வகை என்ற இடத்தில் எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று இருந்தது. நடுவில் நிற்கும் அந்த ‘ஓ’தான் வில்லன். கியர் இல்லாத வண்டி என்று அர்த்தம். கியர் வண்டிக்கு எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருக்க வேண்டும். கார்டு கைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போட்டோ இவ்வளவு கேவலமாகவா இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, இந்த வரியைப் பார்க்கவில்லை.

இந்தக் கார்டுக்கு நான் கொடுத்தது 5,500 ரூபாய். ஏழு மாத அலைச்சல் தனி.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டிரைவிங் ஸ்கூல் அது. ஒரு மேசை, ஒரு லேப்டாப், வெளியே ஒரு பழைய ஸ்கூட்டர். பெயர் போடப் போவதில்லை. எல்லா ஊரிலும் அதே மாடிப்படி இருக்கிறது. உள்ளே இருந்தவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

“டூவீலர் கியர் வண்டிக்கு எவ்வளவுண்ணே?”

“எல்லாம் சேர்த்து நாலரை. நீங்க வந்து ஒரு எட்டு போட்டுட்டுப் போனா போதும்.”

எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) ஃபீஸ், டாக்டர் சர்டிபிகேட், டெஸ்ட் ஃபீஸ், வண்டி வாடகை, அப்புறம் குரலைத் தாழ்த்தி “உள்ள கொடுக்கிறது”. நேராகவே போய்ப் பண்ணினால் என்ன என்று இழுத்தேன். “புது ரூல் தெரியாதா தம்பி? இப்பல்லாம் ஸ்கூல் மூலமா வந்தாதான் எடுப்பாங்க” என்றார். நம்பினேன். வாட்ஸ்அப்பில் அப்படி ஏதோ சுற்றியதை நானும் பார்த்திருந்தேன்.

அவர் சொன்ன புது ரூலை அப்புறம் தேடிப் படித்தேன். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்று ஒன்றை மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து கொண்டுவந்தது. அங்கே பயிற்சி முடித்துச் சான்று வாங்கினால் ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்ட வேண்டாம் என்பது நிஜம். ஆனால் அந்த மையம் நடத்த குறைந்தது ஒரு ஏக்கர் இடம் வேண்டும். நம்ம அண்ணனிடம் இருந்தது மாடிப்படியின் அடிப்பாகம். மற்றபடி சொந்தமாகப் பைக் ஓட்ட லைசென்ஸ் எடுப்பவர் எந்த ஸ்கூலிலும் சேர வேண்டிய கட்டாயமே கிடையாது. மத்திய அரசின் ‘பரிவாஹன்’ இணையதளத்தில் சாரதி பகுதிக்குள் போய் நாமே விண்ணப்பிக்கலாம்.

டாக்டர் சர்டிபிகேட் இன்னொரு கூத்து. சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு 40 வயது தாண்டினால்தான் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். எனக்கு 26. எனக்கு இன்ன நோய் இல்லை என்று நானே உறுதி சொல்லும் படிவம் 1 போதும். அதற்குத் தனியாக 300 ரூபாய் எடுத்திருக்கிறார். எந்த டாக்டரையும் நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அரசாங்கக் கட்டணம்தான் எவ்வளவு? ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். 150, அதற்கான கேள்வித் தேர்வு 50, ஓட்டிக் காட்டும் டெஸ்ட் 300, லைசென்ஸ் வழங்க 200. ஆக 700. கார்டுக்கும் சேவைக்கும் கொஞ்சம் மேலே வரும். எல்லாம் கூட்டினாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். மீதி என் சோம்பேறித்தனத்துக்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சோம்பேறிக்காவது கேட்ட பொருளைக் கொடுக்க வேண்டாமா?

பிப்ரவரியில் ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்தேன். ஜிபேயில் பணம் அனுப்பச் சொன்னார். ஸ்கூல் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. “வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்தான், போடுங்க.” ரசீது கேட்டதற்குச் சிரித்தார். லேப்டாப் முன் என்னை உட்கார வைத்து முகத்தைக் காட்டச் சொன்னார். சாலைக் குறியீடு பற்றிய கேள்விகள் திரையில் ஓட, பதில்களை அவரே தட்டினார். நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ். நான் முகத்தை மட்டும் கொடுத்தேன். இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டவை இரண்டு. விண்ணப்பத்தில் செல்போன் எண் என்ற கட்டத்தில் அவர் தன்னுடைய நம்பரைப் போட்டுவிட்டார். வண்டி வகையில் கியர் இல்லாததை டிக் செய்துவிட்டார். எல்.எல்.ஆர். தாளிலேயே வகை அச்சாகி வரும். வாட்ஸ்அப்பில் வந்ததை, பேர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடினேன்.

எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். 6 மாதத்தில் அது காலாவதி. இடைப்பட்ட இந்தக் காலம்தான் இவர்களுக்கு அறுவடை. மார்ச்சில் போன் செய்தால் “ஸ்லாட் ஃபுல் தம்பி”. ஏப்ரலில் “சர்வர் டவுன்”. மே மாதம் எடுக்கவே இல்லை. நானே ஸ்லாட் போடலாம் என்று தளத்தைத் திறந்தால் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது. விண்ணப்ப எண்ணைக் கேட்டால், “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, நான் பாத்துக்கறேன்.” நம்பர் அவர் கையில் இருக்கும்வரை குடுமியும் அவர் கையில். ஜூலையில், எல்.எல்.ஆர். முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, அவரே கூப்பிட்டார்: “ஸ்பெஷலா ஒரு ஸ்லாட் வாங்கி வச்சிருக்கேன். உள்ள ஆயிரம் ஆகும். விட்டா முதல்லேருந்து போடணும்.” கொடுத்தேன். அந்த ஆயிரம் உள்ளே போனதா, மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டதா, அவருக்குத்தான் வெளிச்சம்.

டெஸ்ட் அன்று என் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். “இதை ஓரமா விடுங்க. புது ஆளுங்க கியர் வண்டியில எட்டு போட்டா ஆஃப் ஆயிடும். நம்ம ஸ்கூட்டர்ல போடுங்க, ஈஸி” என்றார். அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க, ஸ்கூட்டரில் வளைந்து வந்தேன். அரை நிமிஷம். பாஸ்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஆர்.டி.ஓ. வாசலில் படிவம் எழுதித் தரும் ஒரு பெரியவர்தான் பிற்பாடு சொன்னார். கிளட்ச் இல்லாததால் ஸ்கூட்டரில் யாரும் எளிதில் ஃபெயில் ஆவதில்லை. ஒரு ஆளின் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு ஸ்கூட்டரை வைத்து நாள் முழுக்க வாடகை பார்க்கலாம். பாதிப் பேர் எப்படியும் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கேள்வி வராது. கேள்வி வந்தால் மறுபடி ஒரு வரும்படி.

அதுதான் நடந்தது. அக்கா காட்டிக் கொடுத்த அன்றே போய் நின்றேன். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, துளிகூடக் கூச்சமில்லாமல், “கியர் தனி கிளாஸ் தம்பி. சேர்த்துடலாம், நாலாயிரம்” என்றார்.

இதில் நான் பயந்தது காசுக்காக இல்லை. ஏழு மாதமும் கியர் பைக்கில்தான் ஊர் சுற்றினேன். எல் போர்டு ஒட்டியிருக்கிறோமே என்ற தைரியம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. நான் என் அம்மாவையே ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை போலீஸ் நிறுத்தியபோது எல்.எல்.ஆரைக் காட்டினேன், தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இல்லை என்றால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த ‘ஓ’வைத்தான். என் வண்டிக்கான கிளெய்ம் போயிருக்கும். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையைக்கூட என்னிடம் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பில் இருக்கா?” என்றார். 1100 எண்ணில் ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் பதிந்தேன். ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்கு நான் அன்பளிப்பாக அனுப்பியது போல் தோன்றும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள். அது அப்படியே கிடக்கிறது.

கியர் வகையை நானே சேர்த்தேன். முதல் தடை அந்தச் செல்போன் எண். ஓ.டி.பி. சொல்ல அண்ணன் 500 கேட்டார்! நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய், ஆதாரைக் காட்டி எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றினேன். ஒரு முற்பகல் ஆனது, பைசா ஆகவில்லை. அங்கிருந்த அம்மா திட்டிக்கொண்டேதான் செய்தார், ஆனாலும் செய்தார். பிறகு புதிய வகைக்கு மறுபடி எல்.எல்.ஆர். 150, மறுபடி 30 நாள் காத்திருப்பு, டெஸ்டுக்கு 300, வகை சேர்க்க 500, மேலே சில்லறை. முதலிலேயே கியர் வகை வாங்கியிருந்தால் ஸ்கூட்டரும் அதிலேயே அடக்கம். இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

சொந்த பைக், ஹெல்மெட், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். எட்டின் இரண்டாவது வளைவில் வண்டி ஆஃப். கால் தரையில் பட்டது. ஃபெயில். இன்ஸ்பெக்டர் “அடுத்த வாரம் வாங்க” என்றார், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம், திரும்ப 300 கட்ட வேண்டும். மூன்று முறை ஃபெயிலானால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

அந்த ஏழு நாளும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் இரண்டு செங்கல்லை வைத்து எட்டு போட்டேன். முதல் கியர், கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைப்பது, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறைப்பது, கண்ணைச் செங்கல்லில் வைக்காமல் அடுத்துப் போக வேண்டிய இடத்தில் வைப்பது. மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: நாலு வருஷமாகப் பைக் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், மெதுவாக ஓட்டத் தெரியாது என்பதை அந்த மைதானத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முறை பாஸ். புதிய கார்டு போன வாரம் விரைவு அஞ்சலில் வந்தது. தபால்காரர் முன்னாலேயே கவரைக் கிழித்து, வண்டி வகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு வகையும் இருக்கிறது. 30 வயதுக்குள் எடுத்ததால் 40 வயது வரை செல்லும். அலவன்ஸும் பாஸ் ஆகிவிட்டது, ஆனால் இந்த மாதத்திலிருந்துதான். பழைய பாக்கிக்கு அக்கா கையை விரித்துவிட்டார்.

நேற்று அண்ணனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. மாலை போட்ட கார் படம். “பண்டிகை ஆஃபர் தம்பி, கார் லைசென்ஸ் எல்லாம் சேர்த்து எட்டாயிரம்.”