சாவியா, பட்டனா: பழைய வீராவுக்கு எது ஒத்துவரும்?

எங்கள் வீட்டு புரோட்டோன் வீரா காரில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். என்ஜின் அதன் பாட்டுக்கு ஓடும். 1996ஆம் ஆண்டு அப்பா வாங்கிய 1.5 மெனுவல் வண்டி. அன்றிலிருந்து ஒரே சாவி, ஒரே பூட்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லிந்தாங் பக்கம் செம்பனைக் காட்டுப் பாதையில் போய்வந்தே சாவித் துவாரத்துக்குள் செம்மண் குடியேறிவிட்டது. உருவி எடுப்பது எளிது, திருப்புவதுதான் பாடு. காலையில் மூன்று முறை ஆட்டி, ஒரு முறை அதட்டினால்தான் என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பதில் சொல்லும்.

தங்கை மகன் ஈப்போவில் படிக்கிறான். வார இறுதியில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தவன் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இதைக் கழற்றி எறிந்துவிட்டு பட்டன் ஸ்டார்ட் போடுங்கள். கைப்பேசியில் பாருங்கள், எவ்வளவு மலிவு" என்றான். மலிவாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. ஒரு மாதம் கடை கடையாகக் கேட்டு, எங்கள் போமன் அண்ணனின் பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: மெக்கானிக்கை இங்கே நாங்கள் போமன் என்போம்.

பட்டன் ஒன்றும் புதிய அதிசயம் இல்லை. தோட்டத்துத் துரைமாரும் பெரிய கிராணிமாரும் ஓட்டிய பழைய மோரிஸ் மைனரில் சாவி மின்சாரத்தைத் திறந்துவிடும், அவ்வளவுதான். என்ஜினைச் சுழற்ற தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். திருப்பினாலே கிளம்பும் சாவியை 1949 மாடல் கார்களில் கிரைஸ்லர் கொண்டுவந்தது. சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தும் வசதி 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்து, பிறகு படிப்படியாக நம் ஊர்ச் சின்னக் கார் மைவி வரைக்கும் இறங்கியது. பட்டனிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து மறுபடி பட்டனுக்கு. நம் கேள்வி, இடைக்காலத்தில் பிறந்த வண்டிக்குள் இதை எப்படிச் செருகுவது என்பதுதான்.

அதற்கு முன் பழைய சாவி என்னென்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டியரிங் தண்டின் கீழ்மூடியைக் கழற்றினால் சாவிப் பூட்டின் பின்னால் ஒரு மின்சுவிட்சு இருக்கும். அதிலிருந்து ஒரு கற்றை வயர் வரும். போமன் அண்ணன் மீட்டரின் ஒரு முனையை உடம்புத் தகட்டில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒரு வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், அது பேட்டரி. ஒன்று ரேடியோவுக்கும் சிகரெட் லைட்டருக்கும் போவது. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும் அது செத்துவிடும். இன்னொன்று என்ஜினுக்கானது, சாவி 'ஆன்' நிலையில் இருந்தாலும் 'ஸ்டார்ட்' நிலையில் இருந்தாலும் அதில் மின்சாரம் நிற்கவே கூடாது. நான்காவது காற்றாடி, ஏர்கோன் போன்றவற்றுக்கு. இதுவும் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒதுங்கிக்கொள்ளும். ஐந்தாவதில் சாவியை முழுக்கத் திருப்பிப் பிடிக்கும்போது மட்டுமே உயிர் வரும். ஸ்டார்ட்டருக்கான கட்டளை அது. நிறத்தைப் பார்த்து வயரை வெட்டக்கூடாது என்றார். முப்பது ஆண்டில் எத்தனை அலாரம், எத்தனை ரேடியோ மாறியிருக்கும். எந்த நிறத்தை எவன் ஒட்டுப்போட்டானோ?

இரண்டாவது வயரையும் மூன்றாவதையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வரும் கோளாறு வேடிக்கையாக இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும், என்ஜின் பிடிக்காது. கையை எடுத்த நொடியில் ஒரு முறை உதறிவிட்டு அடங்கும். பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று சொல்லிக் காசு பறிக்க வசதியான கோளாறு.

இந்த ஐந்தும் மின்சார வேலை. ஆறாவது ஒன்று இருக்கிறது; அதில் மின்சாரமே கிடையாது. சாவியை அணைத்து உருவியதும் ஸ்டியரிங் தண்டுக்குள் ஓர் இரும்புக் கட்டை இறங்கி அதைத் திரும்பவிடாமல் பூட்டும். பட்டன் செட் விற்பவர்கள் ஐந்து வயரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். இந்தக் கட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

மிக எளியது, சாவியையும் வைத்துக்கொண்டு பட்டனையும் போடுவது. சாவியை 'ஆன்' வரை திருப்ப வேண்டும். கடைசித் திருப்பத்துக்குப் பதிலாகப் பட்டன். ஹோண்டா எஸ்2000 காரில் தொழிற்சாலையே இப்படித்தான் கொடுத்தது. தேவையான பொருள் சில பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும்: அழுத்தினால் இணைந்து விட்டால் பிரியும் ஒரு பட்டன், 40 ஆம்பியர் ரிலே ஒன்று, ஃபியூஸ் ஒன்று, தடித்த வயர் கொஞ்சம். ரிலேயை விட்டுவிட்டுப் பட்டனை நேராகக் கோத்தால் ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் காந்தச் சுருளான சோலினாய்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தச் சின்னப் பட்டனுக்குள் பாயும். சில மாதத்தில் கருகிவிடும். ரிலே வைத்தால் பட்டன் ஒரு சிறு சுருளை மட்டும் தட்டி எழுப்புகிறது; பாரத்தை ரிலே சுமக்கிறது. ரிலேக்குள் இருக்கும் முனைகள் எப்போதாவது உருகி ஒட்டிக்கொண்டால் சாவியை அணைத்தாலும் ஸ்டார்ட்டர் நிற்காது. ஆகவே ஃபியூஸைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், மெனுவல் வண்டி என்றால் கிளட்ச்சை மிதித்தால் மட்டும் இணையும் சுவிட்சு ஒன்றைப் பட்டனோடு தொடராகச் சேர்க்க வேண்டும். இது இல்லாமல் கியரில் நிற்கும் வண்டியின் பட்டனைச் சின்னப்பிள்ளை அழுத்தினால் வண்டி முன்னால் துள்ளும்.

இதன் பெரும் லாபம், ஸ்டியரிங் பூட்டை யாரும் தொடுவதில்லை. குறை என்ன? சாவி இன்னும் கையில் இருக்கிறது. தங்கை மகன் முகம் சுளித்தான். "இதற்குப் பெயர் பட்டன் ஸ்டார்ட்டா மாமா? அலங்காரம்!" அவன் சொன்னதில் பாதி உண்மை.

அடுத்தது இணையச் சந்தையில் குவிந்து கிடக்கும் மலிவுப் பெட்டி. ஒரு பட்டன், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் வில்லைகள். வில்லையைக் கண்ணாடிக்கருகே ஒட்டிய வாசிப்பானில் காட்டினால் பெட்டி விழித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் என்ஜின் கிளம்பும். மேலே சொன்ன ஐந்து வயரின் வேலையையும் பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்கள் ஏற்கின்றன. அவை எவ்வளவு தரமானவை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எனக்கு இதில் பிடிக்காதவை இரண்டு. தொழிற்சாலைப் பட்டன் வண்டியில், ஓடும்போது தெரியாமல் பட்டனைத் தட்டினால் ஒன்றும் ஆகாது. சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்துப் பல முறை அழுத்த வேண்டும். மலிவுப் பெட்டி பலவற்றுக்கு வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாது. ஒரு தட்டு, என்ஜின் அவுட். பவர் ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்த இரும்புக் கட்டை. சாவி இல்லாமல் வண்டி ஓட வேண்டுமென்றால் ஸ்டியரிங் பூட்டு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு. ஒன்று, பூட்டைக் கழற்றிக் கட்டையை எடுத்துவிடுவது. மற்றது, சாவியை உள்ளே விட்டுத் திருப்பி, அதன் தலையை மட்டும் அறுத்துவிடுவது. நண்பர் ஒருவரின் பெரோடுவா கஞ்சில் காரில் ஒரு கடையில் இந்த இரண்டாவதைச் செய்து கொடுத்தார்கள். அவர் காட்டியபோது குனிந்து பார்த்தேன்: பூட்டு வாயில் பித்தளை நிறத்தில் ஒரு துண்டு, அறுத்த இடம் பிசிறாக, விரல் நகத்தால் தட்டினால் ஆடியது. என் வீராவின் பூட்டைப்போல் தேய்ந்த பூட்டாக இருந்தால், குழிச்சாலையில் குலுங்கிக் குலுங்கி அந்தத் துண்டு வெளியே நழுவி, பூட்டும் பின்னால் திரும்பிவிடும் நாளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கட்டையையே எடுத்துவிடுவது இதைவிடப் பாதுகாப்பு, ஆனால் திருடனுக்கு ஒரு வேலை மிச்சம். வீரா திருட்டுக்குப் பேர்போன வண்டி என்பது ஊரறிந்தது. அதன் உதிரிப்பாகம் எங்கும் விலைபோகும்.

மூன்றாவது, முழு 'ஸ்மார்ட் கீ' செட். அருகில் போனால் கதவு திறக்கும், விலகினால் பூட்டும். வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் மெதுவாகக் கூப்பிடும். சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். விலை சில நூறு வெள்ளி, கூலி தனி. நல்ல கடையில் அலாரம், கதவு மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்காகச் செய்வார்கள். ஆனால் ஸ்டியரிங் கட்டைக்கு இதிலும் அதே கதைதான். புதிய கார்களில் அந்தக் கட்டையை இறக்கி ஏற்றத் தனி மோட்டாரும் கணினியும் இருக்கும். வெளிச்சந்தைச் செட்டில் அது வராது. சிப் உள்ள சாவியோடு வந்த வண்டி என்றால் இன்னொரு கூத்து: சரியான சிப் இல்லாமல் என்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரை ஏமாற்ற, ஒரு மாற்றுச் சாவியின் சிப்பை டேஷ்போர்டுக்குள் நிரந்தரமாக ஒட்டி வைத்துவிடுவார்கள். வீட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைப்பதுபோல.

பேட்டரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். செட் இரவும் பகலும் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். அது 20 மில்லியாம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு அரை ஆம்பியர் மணி. மாதத்துக்கு ஏறக்குறைய 14. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பெரிய கடி. தினமும் ஓடும் வண்டிக்குக் கவலை இல்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்குக் கவலைதான். சாவியின் காசு வடிவப் பேட்டரி தீர்ந்தாலும், தொழிற்சாலை வண்டியில் சாவியைப் பட்டனருகே வைத்தால் அதில் இருக்கும் சிப் கைகொடுக்கும். வெளிச்சந்தைச் செட்டில் இதற்கு என்ன மாற்றுவழி என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கஞ்சில் நண்பர் கேட்கவில்லை. ஜாலோங் போகும் வழியில் மாலை ஏழு மணிக்கு, கொசுக்கடியில் நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

ஜப்பானிலிருந்து உதிரிப்பாகத்துக்காகப் பாதியாக வெட்டி வரும் அரைவெட்டு வண்டிகளில் இருந்து பட்டன், கணினி, ஸ்டியரிங் பூட்டு எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றி மாட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தக் கணினி என்ஜின் கணினியோடும் கதவுகளோடும் பேசிப் பழகியது. 1996 வீராவில் அதற்குப் பேச்சுத்துணை இல்லை.

கடைசியாக, யாருமே எனக்கு விற்க முயலாத வழி: புதிய சாவிப் பூட்டு செட். வீரா 1993இலிருந்து பல ஆண்டு ஓடிய மாடல் என்பதால் கதவுப் பூட்டு, டிக்கிப் பூட்டு எல்லாம் ஒரே சாவிக்குப் பொருந்தும்படி செட்டாகவே கிடைக்கிறது. பூட்டின் பின்னால் இருக்கும் மின்சுவிட்சைத் தனியாகவும் மாற்றலாம். போமன் அண்ணன் என் பழைய சுவிட்சைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செம்பு முனைகளில் ஒன்று நெல்மணி அளவுக்குக் குழிந்து, கரி பிடித்திருந்தது. மூன்று முறை ஆட்டியதற்குக் காரணம் அதுதான். மலிவுப் பெட்டியை வாங்கியிருந்தால் என் கோளாறு தீர்ந்தே இருக்கும். கூடவே வேறு மூன்று கோளாறு வந்திருக்கும்.

ஆக வீராவுக்கு என் தீர்ப்பு: புதிய பூட்டு, புதிய சுவிட்சு, அதன் மேல் முதலாவது வழியில் ஒரு பட்டன். பட்டன் தேவையா என்று கேட்டால் தேவையில்லை. மருமகனின் ஆசைக்கு அது. ஆனால் ஸ்டார்ட்டர் கட்டளையை ரிலே சுமப்பதால் புதிய சுவிட்சின் முனை பழையதைப்போல் சீக்கிரம் குழியாது.

அக்காவின் கஞ்சிலுக்கு மட்டும் இதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர். வலது கட்டைவிரல் மடங்காது. உளியைப் பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டது. சாவியை வில்லின் விசைக்கு எதிராகத் திருப்பிப் பிடிப்பது அவருக்கு உயிர்போகிற வேலை. முதல் வழியில் அந்த விசை இல்லை என்றாலும் 'ஆன்' வரை திருப்பித்தானே ஆக வேண்டும். அவர் வண்டி ஆட்டோ. பிரேக் மிதி பாதுகாப்பு எளிதாகச் சேரும். ஊருக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் தினமும் ஓடும் வண்டி. அவருக்கு மூன்றாவது வழி நியாயம். நிபந்தனை: ஸ்டியரிங் கட்டையை முறையாகக் கழற்ற வேண்டும், அறுத்த சாவி வேலை கூடாது. காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருட்டுக்கு என்ன செய்வது? பெடல் லாக் வாங்கலாம் என்றேன். அக்கா சிரித்தார். "அதற்கும் சாவிதானே தம்பி திருப்ப வேண்டும்?"

பெட்ரோல் பம்ப் வயரில் மறைவாக ஒரு சுவிட்சு வைக்கலாம் என்று போமன் அண்ணன் சொல்லியிருக்கிறார். எங்கே வைப்பது என்று அக்காவும் அவரும் காதுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சொல்லவில்லை.